பிலோ போன்ல சொன்ன மூணு வார்த்தை

"டீச்சர், வெள்ளக்காரன் மாதிரி ஒரு அயோக்கியன் கிடையாது."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கறதுக்கு முன்னாடியே சவரிமுத்து பிராது குடுத்துட்டாரு.

டீச்சர் பேரு தில்ஷாத். வயசு இருபத்தஞ்சு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஒரு செல்போன் கடைக்கு மேல, ஆறு பெஞ்சும் ஒரு ஃபேனும் வெச்சு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குது. ஃபேன் சுத்துனா டீச்சர் பேசறது கேக்காது. இங்கிலீஷ் வேணும்னா வேர்க்கணும்.

சவரிமுத்துவுக்கு அம்பது. மைக் செட் காரர். இந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுன்னாலும் காலங்காத்தால ஊர எழுப்பி விடறது இவர் குரல்தான். இந்த கிளாஸ்ல சேர்றப்ப அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் மொத்தம் அஞ்சு. ஹலோ, மைக், டெஸ்டிங், ஒன், டூ. த்ரீ வரைக்கும் போகவேண்டிய அவசியம் வந்ததில்ல.

"என்னண்ணே ஆச்சு?"

உள்ளங்கைய நீட்டினாரு. பேனாவுல, தமிழ் எழுத்துல, மூணு வரி.

புட் ஆஃப். கேரி ஆன். கிவ் அப்.

"எல்லாம் எம் பொண்டாட்டி நேத்து போன்ல சொன்னது டீச்சர்."

அந்தம்மா பேரு பிலோமினா. அயர்லாந்துல நர்ஸு. போயி எட்டு வருஷம் ஆச்சு. சாப்பாடு, குளிரு, முட்டிவலி எல்லாத்தையும் தமிழ்லதான் பேசும். கெட்ட சேதி மட்டும் இங்கிலீஷ்ல வரும்.

"தனித்தனியா எனக்கு எல்லாம் தெரியுது. புட்னா வை. ஆஃப்னா அணை. டிசம்பர் லீவு புட் ஆஃப்புங்கறா. லீவ எங்க வெச்சு அணைச்சா?"

பின் பெஞ்சுல லிங்கம் சிரிச்சான். துபாய்க்குப் போறதுக்காக மூணு வருஷமா இதே பெஞ்சுல உக்காந்திருக்கறவன்.

"அண்ணே, கேரின்னா தூக்கு. ஆன்னா சுவிட்சப் போடு. அது உங்க மைக் செட்டுதாண்ணே!"

"நீ மூடுறா, விசா வராதவனே."

டீச்சர் சிரிக்கல.

"தமிழ் மட்டும் ரொம்ப யோக்கியமாண்ணே? கல்யாணத்தத் தள்ளிப் போட்டாச்சுங்கறோம். யாரு தள்ளுனா? எங்க கொண்டு போயிப் போட்டா?"

சவரிமுத்து யோசிச்சாரு.

"ஆமால்ல."

"புட் ஆஃப்புன்னா அதான். லீவத் தள்ளிப் போட்டுட்டாங்க."

"அப்ப இந்த டிசம்பரும் வரலியா."

"ம்."

"போன டிசம்பருக்கும் இதே வார்த்ததான் டீச்சர் சொன்னா. ஏதோ நல்லதுன்னு நெனச்சு சரி சரின்னுட்டேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் பாத்துச்சு. அப்புறம் ரெண்டாவதச் சொல்லுச்சு.

"கேரி ஆன்னா, பாக்கற வேலையவே தொடர்ந்து பாக்கறது."

"ஓ. நேத்து அதத்தான் கேட்டாளா? ஆஸ்பத்திரில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்களாம். கேரி ஆன் பண்ணவான்னு கேட்டா. இன்னிக்குள்ள முடிவு சொல்லணுமாம்."

"மூணாவது என்னன்னு நெனைச்சீங்க?"

"கிவ்னா குடு. அப்னா மேல. மேல குடுக்கறேங்கறா. வேளாங்கண்ணிக்கு ஏதோ நேந்துருக்கான்னு நெனச்சேன்."

டீச்சர் மார்க்கர மூடி வெச்சுச்சு.

"சொல்லுங்க டீச்சர்."

"ஒத்த வார்த்தைய உள்ளங்கையில எழுதிக் கொண்டாந்தா நான் என்னண்ணே சொல்றது? அது எந்தப் பேச்சுக்குப் பின்னாடி வந்துச்சுன்னு சொல்லுங்க. அக்கா கேரி ஆன் பண்ணவான்னு கேட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா?"

"நீங்கதான்."

"உன் இஷ்டம்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் அத சொன்னா. ஐ கிவ் அப்புன்னா. போன வெச்சுட்டா."

லிங்கம்கூட சிரிக்கல.

சவரிமுத்து உள்ளங்கையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் வேட்டியில தேச்சாரு. பேனா மை போகல.

"மேல யாருக்கும் குடுக்கல போல."

"ம்ஹூம்."

"போதும்னு விட்டுட்டாளா."

டீச்சர் ஒரு பாட்டில் தண்ணிய எடுத்து அவர் முன்னாடி வெச்சுச்சு. அவர் குடிக்கல.

"எங்க தொழில்ல ஒரு ஆளு வேணும் டீச்சர். நான் மைக்குல ஹலோன்னா, கடைசிக் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில நின்னு அந்த ஆளு கையத் தூக்கணும். கேக்குதுன்னு அர்த்தம். கல்யாணமான புதுசுல பிலோதான் நிப்பா. அரை கிலோமீட்டர் தள்ளி நின்னு கையத் தூக்குவா. எனக்கு இங்கருந்தே வளையல் தெரியும்."

உள்ளங்கைய மறுபடியும் வேட்டியில தேச்சாரு.

"பொய் சொல்றேன். தெரியாது. தெரியற மாதிரி இருக்கும்."

"இப்ப யாருண்ணே நிக்கறாங்க?"

"யாரும் நிக்கறதில்ல. கேக்கும்னு நானே நெனச்சுக்கறேன்."

சட்டுனு நிமிந்து உக்காந்தாரு.

"டீச்சர், ஒரே ஒரு உதவி. நீ வந்துருன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. கம்முன்னா வா, அது தெரியும். அதுக்குப் பின்னாடி எந்த வாலச் சேக்கணும்? கம் ஆனா, கம் ஆஃபா, கம் அப்பா? தப்பான வால ஒட்டி, நான் வேற எதையாவது சொல்லித் தொலைச்சிரக் கூடாது."

"தமிழ்ல சொன்னப்ப அக்கா என்ன சொன்னாங்க?"

"தமிழ்ல நான் எப்ப சொன்னேன்?"

சொன்னதுக்கப்புறம்தான் அது அவருக்கே கேட்டுச்சு.

"எட்டு வருஷத்துல?"

"கேட்டா சங்கடப்படுவாளேன்னு... அவளுக்கே தெரியும்னு... அவளா வரட்டும்னு..."

பெஞ்சு மேல கெடந்த அவர் போன டீச்சர் எடுத்து நீட்டுச்சு.

"அங்க இப்ப மத்தியானம். சாப்பாட்டு நேரம்."

"இங்கிலீஷு?"

"இன்னிக்கு கிளாஸ் கெடையாது."

லிங்கம் நைசா எந்திரிச்சு வெளிய போகப் பாத்தான். பெஞ்சு கிரீச்சுன்னுச்சு. அப்படியே உக்காந்துட்டான்.

நாலாவது ரிங்குல எடுத்தாங்க.

"என்னங்க? இந்நேரத்துல? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம்?"

தொண்டையில எங்கியோ ஒரு ஒயர் கழண்டுருச்சு.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"பிலோ."

"சொல்லுங்க."

"வந்துரு பிலோ. என்னால முடியல. வந்துரு."

அந்தப் பக்கம் தட்டுல ஸ்பூன் படற சத்தம் நின்னுச்சு. யாரோ இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாங்க. பிலோ அவங்களுக்குப் பதில் சொல்லல.

"என்னங்க."

"ம்."

"காலைலயே ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்க."

கீழ பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் மதுரை மதுரைன்னு கத்திக்கிட்டு இருந்தான். ரெண்டு பேரும் போன வெக்கல.

"இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லுங்க."