காவலில் சிக்கிய குரல்

"என் புரோகிராமைத் திருடன்னு சொல்லுது, டீச்சர்."

சிலுவைமுத்து லேப்டாப்பை மேசையில் வைத்தார். உட்காரவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. சபுரா டீச்சருக்கு இருபத்தொன்பது. தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார் டீச்சர். சாயங்காலமானால் அதே கடையில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பார். படிக்க வந்தவர்களில் தலை நரைத்தவர் சிலுவைமுத்து ஒருத்தர்தான்.

"யார் சொன்னா அண்ணாச்சி?"

"ஆன்டிவைரஸ்தான். ஓட விட்ட உடனே பிடிச்சு உள்ள போட்டுட்டு."

"அப்புறம்?"

"பேரை மாத்திப் பாத்தேன். நல்லவன்னு வச்சேன்."

"அதுக்கு?"

"நல்லவனையும் பிடிச்சிட்டு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"திங்கக்கிழமைக்குள்ள வேணும் டீச்சர். இந்தக் காவலை எப்படி நிறுத்துறதுன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

திங்கட்கிழமை என்ன என்று டீச்சருக்குத் தெரியும்.

சிலுவைமுத்துவின் மனைவி அமலோற்பவம், பத்திர எழுத்தர் பிச்சையாவிடம் இருபது வருடமாக டைப் அடிப்பவர். இப்போது சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. எந்தச் சாவி எங்கே என்று விரலுக்குத் தெரியும். அடித்தது சரியா என்று பார்க்கத்தான் முடியாது.

திங்கட்கிழமை ஒரு பத்திரம் அடித்துக் காட்டட்டும், பிழை வந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று பிச்சையா சொல்லிவிட்டார்.

திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பிச்சையா ஆபீசில் பத்திரம் அடிப்பது பழைய எழுத்துருவில். அதில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அமலோற்பவம் 'தமிழ்' என்று அடித்தால், அந்த மென்பொருள் 'ஜே, கே, பி, ஓ' என்று படித்தது.

அதனால் சிலுவைமுத்து தானே ஒன்று எழுதினார். நாலு மாதம் ஆனது. அழுத்தும் சாவிக்கு உரிய தமிழ் எழுத்தை அது வாய்விட்டுச் சொல்லும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும், சத்தம் விழக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அவரே பேசிப் பதிந்தார். ஜ, ஷ, ஸ, ஹ, எண்கள் எல்லாம் தனி.

"முதல்ல புகார் எழுதுவோம்," என்றார் டீச்சர்.

ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரர்களின் பக்கத்தைத் திறந்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். அங்கே ஒரே ஒரு கேள்வி இருந்தது. இந்தப் புரோகிராம் என்ன செய்கிறது?

சிலுவைமுத்து அடித்தார். 'கண் தெரியாத என் மனைவிக்கு உதவி செய்கிறது.'

டீச்சர் அதை அழித்தார்.

"அது நீங்க செய்யுறது அண்ணாச்சி. இது என்ன செய்யுது?"

அவர் யோசித்தார். பிறகு மெதுவாக அடித்தார்.

'மெஷினைப் போட்டதும், யாரும் கூப்பிடாமலே எழுந்துகொள்ளும். திரையில் தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சாவியை அழுத்தினாலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.'

புள்ளி வைத்தவர் கையை எடுத்துவிட்டார்.

திரும்பவும் ஒரு தரம் படித்தார்.

"அவ மவுஸைத் தேடித் தடவக் கூடாதுன்னுதான் அதுவா எந்திரிக்க வச்சேன். திரையில என்னத்தையும் பாக்க வேண்டாம்னுதான் மறைச்சு வச்சேன்."

"தெரியும்."

"அது திருடாது டீச்சர்."

டீச்சர் தன்னுடைய கணினியில் காவலை நிறுத்தினார். சிலுவைமுத்துவின் புரோகிராமை அதில் ஏற்றி ஓட விட்டார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

"த. ம. மி. ழ. ழ்," என்றது சிலுவைமுத்துவின் குரல்.

டீச்சர் இன்னொரு சொல் அடித்தார். அது கொம்பில் தொடங்கும் சொல். பழைய எழுத்துருவில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கொம்புக்குக் குரல் வரவில்லை. அடுத்த சாவிக்கு, "கெ" என்றது.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"கொம்பு வந்தா பேசாம இருக்கே."

"ஆமா. பின்னால என்ன வருதுன்னு பாத்துட்டுத்தான் வாயைத் திறக்கும்."

"இதை நான் சொல்லிக்கொடுக்கலையே."

"நீங்க கொடுக்கல."

"எனக்கே தோணியிருக்காது அண்ணாச்சி." இதைச் சொல்லும்போது டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலுவைமுத்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

டீச்சர் தன் ஈமெயிலைத் திறந்தார். பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தார். திரையில் ஆறு புள்ளி விழுந்தது.

"ம. ர. வ. ல. ஏழு. ஏழு," என்றது குரல், கணீரென்று.

பிரிண்ட் எடுக்க வந்திருந்த, அதே பழைய எழுத்துருவில் அடித்துப் பழகிய ஒரு டைப்பிஸ்ட் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், அது கே, யு, டி, ஒய், எழுபத்தேழு. இங்கன நின்னுக்கிட்டே எழுதிக்கிட்டேன். மாத்திக்கிடுங்க."

சிலுவைமுத்து அவசரமாக ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார்.

"அவளுக்கு இயர்போன் மாட்டிவிடப் போறேன் டீச்சர். யாருக்கும் கேக்காது."

"கேக்காது," என்றார் டீச்சர். "அதுக்குக் கேக்கும்."

ஒயர் அவர் கையிலேயே இருந்தது.

"அக்கா ஆபீஸ்ல பத்திரம் தவிர என்னெல்லாம் அடிப்பாங்க?"

"வாரவங்க ஆதார் நம்பர். போன் நம்பர். பத்திரம் பதியுற பாஸ்வேர்ட்..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மேசையில் கிடந்த தன் லேப்டாப்பைப் பார்த்தார்.

"நாலு மாசம் எழுதினேன். எனக்குத் தெரியல. காவல் ஒரு நொடியில கண்டுபிடிச்சிட்டு."

டீச்சர் தன் கணினியில் காவலைத் திரும்பப் போட்டார். உடனே அது புரோகிராமைப் பிடித்தது.

"என்ன ஒரு மூக்கு," என்றார் சிலுவைமுத்து. திட்டவில்லை, நிஜமாகவே வியந்துதான் சொன்னார்.

"காவலை நிறுத்துறது எப்படின்னு கேட்டீங்களே. சொல்லவா?"

"வேண்டாம்."

லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இடையில் மூன்று நாள் இருந்தது. நாலு மாதம் எழுதியதில் பாதியை அழித்தார்.

திங்கட்கிழமை காலை மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். பிச்சையாவின் கணினியில் புரோகிராமை ஏற்றினார். இப்போது அது கூப்பிட்டால்தான் எழும். திரையில் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கும். பத்திரப் பக்கம் தவிர வேறெங்கே அடித்தாலும் அதற்குக் காது கிடையாது.

சிலுவைமுத்து அதைக் கூப்பிட்டார்.

காவல் மறித்தது. ஆனால் பிடித்து உள்ளே போடவில்லை. திரையின் நடுவே ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்னவே இது?" பிச்சையா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "பத்திரம் அடிக்கச் சொன்னா வம்பைக் கொண்டாந்திருக்கீரு."

சிலுவைமுத்துவின் கை மவுஸுக்குப் போனது. அங்கேயே நின்றது. கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன போட்டிருக்குன்னு படிங்க அண்ணாச்சி," என்றார் அமலோற்பவம். பத்து விரலும் சாவிகளின் மேல் தயாராக இருந்தன.

பிச்சையா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இதை எழுதினது யாருன்னு தெரியலையாம். தெரிஞ்ச ஆளா இருந்தா மட்டும் உள்ள விடணுமாம். என்ன தாயி, விடவா வேண்டாமா?"

"முப்பத்தோரு வருசமாத் தெரியும்," என்றார் அமலோற்பவம். "விடுங்க."