குஞ்சரத்துக்கு நடத்திய கருமாதி

அந்தக் காலத்தில் நட்சத்திரங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் வெளிச்சத்தால்தான். மினுக்கினால் ஒரு சொல், பளீரென்று அடித்தால் ஓர் அதட்டல். ஒளியில்லாதவருக்குச் சபையில் பேச்சில்லை என்று சட்டம் வேறு வைத்திருந்தார்கள், நாசமாய்ப் போகிறவர்கள்!

அவர்களில் ஆகப் பெரியவள் குஞ்சரம். அவள் மகள் சிட்டு, ஒரு குட்டிக் கோள். அம்மாவையே சுற்றிச் சுற்றி வருவாள். ஒருநாள் குஞ்சரம் வெடித்துவிட்டாள். மேலெல்லாம் சிதறிப் போக, மிஞ்சியவள் ஓர் ஊரளவுக்குச் சுருங்கி இருண்டுபோனாள். கனம் மட்டும் ஒரு சூரியனுக்குக் குறையவில்லை. கடுகு சிறுத்தால் காரம் போய்விடுமா?

அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். "வெளிச்சமே காணோம், போய்ச் சேந்துட்டா" என்றார்கள். பதினாறாம் நாள் கருமாதியும் வைத்தார்கள்! முன்னால் நின்று நடத்தியவன் வெள்ளையன் என்கிற பளபளப்புக்காரன். அவனைச் சுற்ற ஒரு பிள்ளை கிடையாது.

"தாயில்லாப் புள்ள. இனிமே என்னைச் சுத்தட்டும்" என்றான்.

குஞ்சரத்துக்கு எல்லாம் கேட்டது. "அடேய்! உசுரோட இருக்கிறவளுக்கா கருமாதி? எம் புள்ளைய இழுக்க நீ யாருடா?" என்று கத்தினாள். வெளிச்சமில்லாத கத்தல் யாருக்கு எட்டும்? வெள்ளையன் இழுக்க, சிட்டு அழுதுகொண்டே விலகிப் போனாள்.

பெற்ற வயிறு பொறுக்குமா? வெளியே விட வழியில்லாத கோபத்தை உள்ளுக்குள்ளேயே வைத்து இறுக்கினாள். இறுக்க இறுக்க, அவள் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் நசுங்கி வேறொன்றாக மாறியது. மடாரென்று அவள் இன்னொரு சுற்றுச் சிறுத்தாள். உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. அத்தனை கனம் ஆடினால் வானம் சும்மா இருக்குமா? வானமே நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. கருமாதிப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் குலுங்கினார்கள். வெள்ளையனின் பிடி நழுவியது.

"இது எங்கம்மாதான்! எங்கம்மா சாகல!" என்று சிட்டு ஒரே ஓட்டமாய் ஓடிவந்து பழைய பாதையில் ஏறிக்கொண்டாள்.

"வெளிச்சம் இல்லையேன்னுதான்..." என்று வெள்ளையன் இழுத்தான். பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான், இருண்டு சிறுத்த நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் ஏதாவது மாறினால் வானமே நடுங்குகிறது. அந்த நடுக்கம் இங்கே வந்து சேரும்போது நாமும் நம் வீட்டு உலக்கையும்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டு சுருங்குகிறோம், அப்படியிருந்தும் அவளைச் செத்த நட்சத்திரம் என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறோம்!