கோரைக் கிழங்கு வாசம்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தைந்து; சீடர் ஆவுடையப்பனுக்கு எழுபது. பஸ் கண்டக்டராக ஊர் ஊராக அலைந்தவர், மனைவி கோமதி காலமான பிறகு வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும், அவள் வளர்த்த பிச்சிக்கொடியில் ஒடித்த ஒரு குச்சியும்தான்.

குச்சி நந்தவனத்தில் வேர்பிடித்துப் பந்தலேறியது. கூடவே கோரைக் களையும் வந்தது. ஆவுடையப்பன் காலையில் உட்கார்ந்து பிடுங்குவார். நாலு நாளில் அது ஒன்றுமே நடக்காததுபோல் தலைநீட்டும். பிச்சியின் இலை பழுக்கத் தொடங்கியதும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. டவுனுக்குப் போய் ஒரு டப்பா களைக்கொல்லியோடு வந்து நின்றார்.

"சாமி, அடிச்சிரட்டுமா? ஒரே அடி, தொல்லை விட்டுது."

"பிச்சி மேல பட்டா?"

"படாம அடிப்பேன்."

"நீங்க விசில் ஊதினா காத்து நிக்குமா, அண்ணாச்சி?"

குரு டப்பாவை வாங்கிப் பரணில் வைத்தார். ஒரு களைக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"இத்தனை நாளும் தலையைத்தான பிடுங்குனீங்க? கிழங்கைத் தோண்டுங்க. தோண்டுன இடத்துல கொள்ளுப்பயறை நெருக்கி விதைங்க. நிழல் விழுந்தா கோரைக்கு ஆகாது."

ஆவுடையப்பன் குந்தி உட்கார்ந்து தோண்டினார். கறுத்த கிழங்குகள் நூலில் கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு கிழங்கு கொத்து பட்டு உடைந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

கோமதியின் குளியல் பொடி! பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக் கிழங்கு எல்லாம் காயவைத்து மில்லில் அரைத்து வருவாள். வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு அவள் கூடத்தைக் கடந்தால் வீடே மணக்கும். "இது வீடா, நாட்டுமருந்துக் கடையா?" என்று இவர் சீண்டுவார். "டீசல் நாத்தத்தோட வாறவரு பேசுத பேச்சைப் பாரு" என்பாள் அவள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாகிவிட்டது! ஆவுடையப்பன் மண்ணில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். கிணற்றடியில் நின்ற குரு பார்த்தும் பாராதவர்போல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஒரு கூடைக் கிழங்கு குருவின் கைக்கு வந்தது. பிச்சியின் தூரடியில் கிடந்ததை மட்டும் ஆவுடையப்பன் தோண்டவில்லை. மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்.

மழை பெய்தது. கொள்ளு படர்ந்த இடத்தில் கோரை அடங்கிப்போனது. பிச்சியின் காலடியில் மட்டும் கொழுத்து நின்றது. பூக்க வேண்டிய பருவத்தில் கொடியில் ஒரு மொட்டு இல்லை. இலை கொட்டிக்கொண்டிருந்தது.

குரு பார்த்தார். ஆவுடையப்பனே வாயைத் திறந்தார்.

"நான்தான் விட்டுவச்சேன், சாமி. அவ தேச்சுக் குளிச்ச கிழங்கு இது."

"பிச்சி?"

"பிச்சியும் அவ வச்சதுதான்." அவர் கோரையைத் தொட்டுக் காட்டினார். "இதையும் எடுத்துட்டா அவ வாசத்துக்கு நான் எங்க போவேன்?"

குரு உள்ளே போய் ஒரு சுளகைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அதில் பரப்பியிருந்தது அன்று தோண்டிக் கொடுத்த கிழங்குகள்தான். கழுவி வெயிலில் காயவைத்ததில் சுருங்கிக் கிடந்தன. ஆவுடையப்பன் ஒன்றைக் கடித்து முகர்ந்தார். அன்றைக்கு மண்வாடையும் சேர்ந்திருந்தது. இதில் கோமதி மட்டும் இருந்தாள்.

"தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன், சாமி."

குரு களைக்கொத்தை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தார்.

"மண்ணுக்குள்ள வச்சா முளைக்கத்தான் செய்யும், அண்ணாச்சி. காஞ்சாத்தான் மணக்கும்."