நன்னாரிக் கடையும் தென்துறை வழக்கும்

மருதங்காட்டில் சிலும்பி என்றொரு முள்ளம்பன்றி நன்னாரித் தண்ணீர்க் கடை வைத்திருந்தது. குளத்துக்குப் போகும் பாதையில், பெரிய மருத மரத்தடியில் கடை. மரத்தின் வேரிடுக்கில் ஒரு சின்ன ஊற்று. அந்த ஊற்று நீரில் நன்னாரி வேரைத் தட்டிப் போட்டு, ஊறவைத்து, சுரைக்குடுக்கையில் ஊற்றிக் கொடுக்கும். வெயிலில் வந்தவர்கள் ஒரு வாய் குடித்தால் அடிவயிறு வரைக்கும் குளிரும்.

குடித்தவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுப்பார்கள். முயல்கள் கிழங்கு கொண்டுவரும். மான்கள் விளாம்பழம் உருட்டிக்கொண்டு வரும். எருமைகளோ தங்கள் குளம்பால் மண்ணைக் கிளறிக் கொடுக்கும். கோடையில் செம்மண் பாறைபோல இறுகிவிடும். எருமைகள் கிளறிக் கொடுத்தால்தான் சிலும்பியால் நன்னாரி வேரைத் தோண்டி எடுக்க முடியும்.

ஒருநாள் காலையில் மரங்கொத்தி வந்து செய்தி சொன்னது.

"கேளுங்கள், கேளுங்கள்! குளத்தின் தென்துறை இனி எருமைகளுக்கு மட்டுமே வேண்டும் என்று வளைகொம்பன் சபையில் கேட்டிருக்கிறது! பத்தாம் நாள் சபை கூடும். யானைத் தலைவர் தீர்ப்புச் சொல்வார்!"

வளைகொம்பன் எருமைக் கூட்டத்தின் தலைவன். அந்த வருடம் மழை பொய்த்துக் குளம் பாதியாகச் சுருங்கிவிட்டது. கிடந்து புரளச் சேறு போதவில்லை என்று எருமைகளுக்குக் குறை. அதனால்தான் இந்தக் கோரிக்கை.

கடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முயல் வெடுக்கென்று திரும்பியது. குடுக்கை சாய்ந்து தண்ணீர் கொட்டியது.

"அப்படியானால் நாங்கள் எங்கே போவது? வடதுறைக்கா? அங்கே முதலை கிடக்கிறதே! போன கோடையில் என் தங்கை அங்கே போனவள்தான். திரும்பி வரவில்லை!"

பக்கத்தில் படுத்திருந்த ஆமை மெதுவாகத் தலையை நீட்டியது.

"சிலும்பி, நீ கடைக்காரி. நாலு பேர் வந்து போகிற இடம் இது. வாயை மூடிக்கொண்டு பிழைப்பைப் பார். எருமையைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு உனக்கு வேர் தோண்டக்கூட முடியாது."

சிலும்பி முயலைப் பார்த்தது. பிறகு ஆமையைப் பார்த்தது.

"நீ சொல்வது சரிதான். ஆனால் நான் வாயை மூடினால் முதலை வாயைத் திறக்குமே! பேசாமல் இருக்க என்னால் முடியாது" என்றது.

அன்று மாலை சின்னப் பிராணிகள் எல்லாம் புங்க மரத்தடியில் கூடின. சிலும்பி முதல்முதலாக நாலு பேர் முன்னால் பேசியது. முட்கள் படபடவென்று அடித்துக்கொள்ள, வடதுறையில் போன கோடையில் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னது. ஐந்து முயல், மூன்று கீரி, ஒரு புள்ளிமான் குட்டி. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

கூட்டம் முடிந்ததும் கீச்சி என்ற பச்சைக்கிளி பறந்து வந்து சிலும்பியின் முன்னால் உட்கார்ந்தது.

"அக்கா, என்ன பேச்சு! என்ன பேச்சு! இனிமேல் நீங்கள்தான் எங்கள் தலைவி!"

"சும்மா இரு கீச்சி. மனதில் பட்டதைச் சொன்னேன்."

"சொன்னால் மட்டும் போதுமா? செய்துகாட்ட வேண்டாமா? நம்மை முதலை வாயில் தள்ளுகிற எருமைக்கு நீங்களே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா? எருமைக்கு ஒரு சொட்டும் கிடையாது என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள்!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் சிலும்பிக்குப் புதிது. அது காதில் தேனாகப் பாய்ந்தது.

மறுநாள் சிலும்பி கடை வாசலில் ஒரு முள்கிளையைக் குறுக்கே போட்டது. கீச்சி மரக்கிளையில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் நிறுத்தியது.

"நில்! நீ யார் பக்கம்?"

இரண்டு எருமைகள் வந்தன. கீச்சி கத்தியதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. மான் கூட்டத்தின் தலைவி வந்தது. அந்தக் காட்டில் மான்கள்தான் அதிகம். அவை எந்தப் பக்கமும் சேராமல் இருந்தன.

"நான் தண்ணீர் குடிக்க வந்தேன்" என்றது மான்.

"முதலில் பக்கம் சொல்! அப்புறம் தண்ணீர்!" என்றது கீச்சி.

மான் சிலும்பியைப் பார்த்தது. சிலும்பி தலையைக் குனிந்துகொண்டு வேரைத் தட்டியது. மான், "தாகம் எனக்கு. வழக்கு உங்களுக்கு. இரண்டையும் ஏன் ஒரே குடுக்கையில் கலக்குகிறீர்கள்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அதன் பின்னால் வந்த பன்னிரண்டு மான்களும் போய்விட்டன.

அதற்கடுத்த இரண்டு நாள் கடை திறக்கவே இல்லை. கீச்சி சிலும்பியைக் கிழக்குக் காட்டுக்கும் மேட்டுக் காட்டுக்கும் பேச அழைத்துப் போனது. போகிற இடமெல்லாம் கைதட்டல். மூன்றாம் நாள் காலையில் சிலும்பி அவசரமாக ஓடிவந்து கடையைத் திறந்தது. ஊறிக் கிடந்த தண்ணீரை ருசி பார்க்கக்கூட நேரமில்லை. வரிசையில் நின்ற முயல்களுக்கு அப்படியே ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடியது.

மாலையில் முயல் வந்தது. முகம் வாடியிருந்தது.

"அக்கா, உங்கள் தண்ணீரைக் குடித்து என் பிள்ளைகள் நாலு பேருக்கும் வயிற்றால் போகிறது. மூன்று நாள் வேர் புளித்துக் கிடந்திருக்கிறது!"

"ஐயோ! எனக்குத் தெரியாதே! உங்களுக்காகத்தானே அலைகிறேன்!"

"தெரியும். உங்கள் பேச்சு இனிக்கிறது. தண்ணீர் புளிக்கிறதே அக்கா! பேச்சைக் குடித்தால் பிள்ளைகளுக்குத் தாகம் தீருமா?"

சிலும்பிக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. புளித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, பானையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது. புது வேர் எடுக்கப் போனால் மண் இறுகிக் கிடந்தது. நகம் பெயர்ந்துபோனது. இரண்டு வேர்தான் கிடைத்தது.

மறுநாள் உச்சி வெயிலில் காரி என்ற எருமை வந்தது. காரி, வளைகொம்பனின் தம்பி மனைவி. அதன் பின்னால் ஒரு கன்று தள்ளாடித் தள்ளாடி வந்து, மருத மர நிழலில் அப்படியே சாய்ந்தது. வாயில் நுரை. கண் செருகியிருந்தது.

"வெயில் தாக்கிவிட்டது. குளத்து நீர் கொதிக்கிறது. குடித்ததை எல்லாம் கக்கிவிடுகிறான். சிலும்பி, ஒரு குடுக்கை நன்னாரித் தண்ணீர் கொடு" என்றது காரி.

"கொடுக்காதீர்கள் அக்கா!" என்று கீச்சி கத்தியது. "இதைக் கொடுத்தால் இத்தனை நாள் பேசியதெல்லாம் வீண்! நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்?"

சிலும்பி கன்றைப் பார்த்தது. அதன் விலா வேகமாக ஏறி இறங்கியது. பானையில் இருந்ததே இரண்டு குடுக்கை அளவுதான்.

சிலும்பி போய் வாசலில் கிடந்த முள்கிளையை இழுத்துத் தூர எறிந்தது.

"கீச்சி, இந்தக் கன்றா தென்துறையைக் கேட்டது? தள்ளி உட்கார்!"

கன்றின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. முதல் மடக்கு வழிந்து போனது. இரண்டாவது மடக்கு உள்ளே இறங்கியது. ஒரு நாழிகை கழித்துக் கன்று காதை ஆட்டியது. பிறகு மெல்ல எழுந்து நின்றது.

காரி நெடுமூச்சு விட்டது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அப்படியானால் இனி எங்களை எதிர்த்துப் பேசமாட்டாயா?"

"பேசுவேன்!" என்றது சிலும்பி. "இன்று சாயங்காலமே பேசுவேன். சபையிலும் பேசுவேன். தென்துறையை நீங்கள் மட்டும் எடுத்துக்கொள்வது அநியாயம். ஆனால் நாளைக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு வா. இன்னும் இரண்டு நாள் குடிக்க வேண்டும். தண்ணீர் வேறு, பேச்சு வேறு."

"அது என்ன அநியாயம்? வடதுறையில் தண்ணீர் இல்லையா?"

"முதலை இருக்கிறது. உன்னைப் போன்ற உடம்பைப் பார்த்தால் அது ஒதுங்கிப்போகும். முயலைப் பார்த்தால் ஒதுங்காது."

காரி திகைத்துப் போய் நின்றது. முதலையைப் பற்றி அதற்குத் தெரியும். ஆனால் முதலையால் யாரும் செத்ததாக அதுவரை யாரும் அதனிடம் சொன்னதில்லை.

"துரோகம்! துரோகம்!" என்று கத்திக்கொண்டே கீச்சி பறந்துபோனது.

அன்றிலிருந்து சிலும்பி ஒரு முறை வைத்துக்கொண்டது. காலையிலிருந்து வெயில் சாயும்வரை கடை. எவர் வந்தாலும் பக்கம் கேட்பதில்லை. வெயில் சாய்ந்ததும் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புங்க மரத்தடிக்குப் போய்ப் பேசும். மான் தலைவியின் மேய்ச்சல் இடத்துக்கும் போய், "உன்னிடம் பக்கம் கேட்டது என் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தது. மான் தலையை மட்டும் ஆட்டியது.

பத்தாம் நாள் சபை கூடியது. யானைத் தலைவர் நடுவில் நின்றார். ஒரு பக்கம் எருமைகள், மறுபக்கம் சின்னப் பிராணிகள், இடையில் மான் கூட்டம்.

சிலும்பி முன்னால் வந்து வழக்கைச் சொன்னது. பாதியிலேயே வளைகொம்பன் கனைத்தது.

"தலைவரே, இது நியாயம் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறது! தென்துறைக்குப் போகும் பாதையில்தான் இதன் கடை. துறையை மூடினால் வாடிக்கை போய்விடும் என்ற பயம்! அதற்குத்தான் இந்தக் கண்ணீர்!"

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. மான்கள் காதை நிமிர்த்தின.

சிலும்பி பதறவில்லை.

"தலைவரே, என் கடையில் ஊற்று இருக்கிறது. தென்துறையை மூடினால் முதலைக்குப் பயந்தவர்கள் எல்லாம் என்னிடம்தான் ஓடி வருவார்கள். இந்தக் கோடையில் என் வியாபாரம் இரண்டு மடங்காகும். வியாபாரத்தை நினைத்திருந்தால் நான் வளைகொம்பன் பக்கம்தான் நின்றிருக்க வேண்டும்! ஆனால் அந்த ஊற்று ஒரு நாளைக்கு ஓரிரு பானைக்குத்தான் வரும். காட்டுக்கே போதாது. கிடைக்காதவர்கள் வடதுறைக்குப் போவார்கள். அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்."

"எல்லாம் வாய்ப்பேச்சு! எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று முள்கிளை போட்டவள்தானே நீ!" என்றது வளைகொம்பன்.

"போட்டேன். அது தப்பு. நானேதான் எடுத்தும் எறிந்தேன்."

அப்போது எருமைக் கூட்டத்திலிருந்து காரி முன்னால் வந்தது. வளைகொம்பன் முறைத்தது. ஆனாலும் காரி பேசியது.

"தலைவரே, பானையில் கடைசியாக இருந்த தண்ணீரை இவள் என் பிள்ளைக்குக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, 'உங்களை எதிர்த்துப் பேசத்தான் போகிறேன்' என்றாள். எங்களிடம் நயமாகப் பேசி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதனால் முதலையைப் பற்றி இவள் சொல்வதை நான் நம்புகிறேன். என் பிள்ளை பிழைத்தான். முயலின் பிள்ளையும் பிழைக்கட்டும்."

மான் தலைவி ஒரு அடி முன்னால் வைத்தது.

"அன்று என்னிடம் பக்கம் கேட்டபோது சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். துறை எல்லோருக்கும் வேண்டும்."

யானைத் தலைவர் தும்பிக்கையைத் தூக்கினார்.

"எருமைகளுக்கு உச்சி வெயிலில்தான் சேறு வேண்டும். சின்னப் பிராணிகளுக்குக் காலையிலும் மாலையிலும்தான் தண்ணீர் வேண்டும். ஆகவே தென்துறை காலை மாலை எல்லோருக்கும், நடுப்பகலில் எருமைகளுக்கு. இதுவே தீர்ப்பு!"

முயல்கள் துள்ளிக் குதித்தன. எருமைகளிலும் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

எல்லாமே நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வளைகொம்பனும் அதன் அண்ணன் தம்பிகளும் அந்தக் கோடை முழுவதும் நன்னாரிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கீச்சியும் பல நாள் பேசவில்லை. ஆமை, "நான் அப்போதே சொன்னேனே" என்றது. காரி மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை வந்து மண்ணைக் கிளறிக் கொடுத்தது. கடையில் கூட்டம் முன்பைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் மான்கள் வந்தன, முயல்கள் வந்தன, காரியின் கன்றும் வந்தது. தண்ணீர் ஒருநாளும் புளிக்கவில்லை. காட்டில் வேறு வழக்கு வந்தபோதும், "சிலும்பி என்ன சொல்கிறது?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பேசினார்கள்.

நியாயத்துக்காகக் குரல் கொடுப்பவர், எதிர்த்து நிற்பவருக்கும் தம் தொழிலை ஒழுங்காகச் செய்தால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு உண்டாகும்.