பட்டுத்துணிக்குள் ஒரு பிரிண்டர்

தாலுகா அலுவலகத்தில் வைத்தியலிங்கம் என்றொரு அதிகாரி இருந்தார். யார் சான்றிதழ் கேட்டு வந்தாலும், "பிரிண்டர் ரிப்பேர், அடுத்த வாரம் வா" என்பார்.

அன்று இசக்கியம்மாள் வந்து நின்றாள். வருமானச் சான்றிதழைச் சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்தால்தான் அவள் புருஷனுக்குக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்வார்கள்.

"சார், நான் என் லேப்டாப்லேருந்து பிரிண்ட் எடுத்துப் பாக்கட்டுமா?" என்றாள் தற்காலிக ஊழியர் தங்கமாரி.

வைத்தியலிங்கம் சிரித்தார். "அது லினக்ஸ் லேப்டாப்மா, விண்டோஸ் இல்ல. அதுக்கும் பிரிண்டருக்கும் ஏழாம் பொருத்தம். இந்த ஆபீஸ்ல ஓடுற பிரிண்டர் ஒண்ணைக் காட்டு, அந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்."

வரிசை முழுக்க அதைக் கேட்டது.

தங்கமாரி லேப்டாப்பை அலுவலக நெட்வொர்க்கில் சேர்த்து, பிரிண்டரைத் தேடவிட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது.

"நான் எதுக்கு சார் காட்டணும்? அதுவே கூப்பிடும்" என்று இசக்கியம்மாளின் சான்றிதழை அச்சிடும் பட்டனை அழுத்தினாள்.

வைத்தியலிங்கத்தின் அறைக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, பட்டுத்துணி போர்த்தி, மேலே சாமி படமும் வைத்திருந்த பெட்டி, காகிதத்தை வெளியே தள்ளியது.

"பூஜை போட்ட பிரிண்டராச்சே, ஓடாம இருக்குமா?" என்றது வரிசையில் ஒரு குரல்.

அவர் கையெழுத்துப் போட்டார். இசக்கியம்மாள் குங்குமம் ஒட்டிய தாளோடு ஓடினாள். வைத்தியலிங்கம் தன் அறைக்குள் போய், பிரிண்டரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து நின்றவர் கேட்டார்: "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு தாயி."

தங்கமாரி மறுபடியும் தேடினாள். திரையில் ஒரு பெயரும் வரவில்லை.