ஒன்றரைக் கிலோ வண்டி

கரூர் பைபாஸில் நாச்சிமுத்துவின் டீக்கடை முன்னால் என் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன். டீ ஆற்றிக்கொண்டே அவன் கேட்டான், "ஏனுங்ண்ணா, கொழுக்கட்டைக்குச் சக்கரம் மாட்டியிருக்கீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"டேய், இது கண்ணீர்த்துளி வண்டி. காருக்குப் பின்னால கொக்கி போட்டு ஊர் ஊரா இழுத்துட்டுப் போலாம். உள்ள ரெண்டு பேர் படுக்கலாம். பின்மூடியைத் தூக்கினா அடுப்படி. பஸ் கட்டுற பட்டறைக்காரன் நூறு ரூபா சொன்ன தகரத்தைப் பேரம் பேசி ஏழு ரூபாய்க்கு வாங்கினேன். தாங்காம அவன் அழுதுட்டான். கன்னத்துல தொங்கின துளியை அளவெடுத்துத்தான் இந்த வடிவத்தையே போட்டேன்."

வாய் இப்படிப் பேசினாலும் வயிறு காய்ந்து கிடந்தது. வாசலில் இது நிற்பதால் கோலம் போட இடமில்லையாம். "வித்துட்டு வந்தாத்தான் சோறு" என்று என் சம்சாரம் நல்லாத்தா சொல்லிப் பதினோரு நாளாகிறது. பதினோரு நாளும் நாச்சிமுத்து கடை பன்தான். நீங்கள் சிரிக்காதீர்கள்.

பக்கத்தில் மெஸ் நடத்துகிற பாவாயி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இட்லி விக்க ஆகுமுங்ண்ணா. என்ன விலைங்க?"

"மூணு லட்சம்."

"கனமா இருக்குங்களா? நம்மகிட்ட மொபெட்டுதான் இருக்குது."

"கனமா? அம்மிணி, ஒரு நாட்டுக்கோழி எடை. ஒன்றரைக் கிலோ."

"சக்கரமே இருவது கிலோ இருக்குமே!" என்றான் நாச்சிமுத்து.

"டீயில தண்ணி ஊத்தறவனுக்கு எடையைப் பத்தி என்னடா தெரியும்? தராசுல வெச்சுப் பார்த்தேன். ஒன்றரை. அதுல அரைக்கிலோ பெயிண்டு. பல்லடத்துக்கிட்ட காத்து தூக்கிருச்சு பாரு, வண்டி மேல பறக்குது, கார் கீழ தொங்குது. என் கொக்கி விடல. திருச்செங்கோட்டுல வந்து எறங்கறேன், ரெண்டு லிட்டர் போட்ட பெட்ரோல் மூணா இருக்குது!"

"இருக்குமுங்க," என்றாள் பாவாயி. "வெயிலுக்கு எப்படீங்க?"

"அக்னி நட்சத்திரத்துல கதவைச் சாத்திப் படுத்தேன். காத்தால மீசையில பனிக்கட்டி. ஒடச்சு நன்னாரி சர்பத்துல போட்டுக் குடிச்சேன்."

"ஆனை கீனை வந்தா?"

"வந்துச்சே, வால்பாறையில. மூடியைத் தூக்கி அடுப்படியைப் பார்த்துட்டு, குட்டிக்கு ஒண்ணு கட்டித் தர என்ன விலைன்னு கேட்டுச்சு. நான் சல்லிக்காசு குறைக்கல. தந்தத்தைத் தர்றேன்னுச்சு. சட்டப்படி ஆகாதப்பா, போயிட்டு வான்னுட்டேன்."

நாச்சிமுத்து வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். பாவாயி சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னது அத்தனையும் நம்பறனுங்ண்ணா. ஆனா மொத்த விலை நமக்குக் கட்டாது. எடைக்குப் போடுங்க. கிலோ ஆயிரம் ரூபா."

கிலோ ஆயிரம்! வண்டி முந்நூறு கிலோ என்று எனக்கல்லவா தெரியும். கேட்ட மூன்று லட்சம் மடியில் வந்து விழுந்துவிட்டது. ஆனால் வந்த விலைக்குத் தலையாட்டுகிற ஆளா இந்தச் சென்னியப்பன்? பெஞ்சைத் தட்டினேன்.

"ரெண்டாயிரம்! ஒத்தப் பைசா குறையாது."

"சரிங்க. நாச்சிமுத்தண்ணா, நீங்க சாட்சி."

கையடித்து முடித்தோம். அவள் சுருக்குப்பையை அவிழ்த்து ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை என் உள்ளங்கையில் வைத்தாள். "ஒன்றரைக் கிலோவுக்கு மூவாயிரமுங்க."

"அம்மிணி! அது முந்நூறு கிலோ! தள்ளித் தள்ளி எனக்குக் குடலே எறங்கிப் போச்சு!"

"அப்ப தராசுல வெச்சது பொய்யுங்களா? மீசைப் பனிக்கட்டி? அந்த ஆனை?"

கடை மொத்தமும் என் வாயையே பார்த்தது. சென்னியப்பன் பொய் சொன்னான் என்று ஊர் பேசுவதா? பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

வீட்டு வாசலிலேயே கத்தினேன். "நல்லாத்தா! கரூர்ல தகரத்தைக் கிலோ ரெண்டாயிரத்துக்கு வித்த ஒரே ஆம்பளை நான்தான்டி! சோத்தைப் போடு!"

அதற்குள் நாச்சிமுத்து போன் போட்டிருப்பான் போல. அவள் தட்டை வைத்தாள். அதில் இரண்டு பருக்கை கிடந்தது.

"ஒரு படி அரிசி வடிச்சேனுங்க," என்றாள். "உங்க தராசுல நிறுத்தேன். இவ்வளவுதான் வந்துச்சு."