சபேச குருக்களின் தூக்கம்

"எனக்குத் தூக்கம் போயிடுத்து சுவாமி. ஏதாவது ஒரு மந்திரம் உபதேசம் பண்ணுங்கோ."

வந்ததும் வராததுமாக சபேச குருக்கள் கேட்டது இதைத்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த துறவி, குருக்களைவிட வயதில் இளையவர். வயதைப் பார்த்தா குருவைத் தேடுகிறோம்? ஊர்ச் சிவன் கோயிலில் பூஜை செய்கிற குருக்கள், மனசு கனத்தால் ஆற்றைத் தாண்டி இந்தச் சின்ன மடத்துக்கு வந்துவிடுவார். துறவி வாய் திறப்பதே அபூர்வம். திறந்தாலும் கேள்விதான் வரும்.

"என்ன ஆச்சு?"

"நேத்திக்குக் காலம்பற தீபாராதனை காட்டிண்டே கண் அசந்துட்டேன். தட்டு சரிஞ்சு, எரியற கற்பூரம் ஒரு குழந்தை கையில விழுந்துடுத்து."

துறவி நிமிர்ந்தார்.

"குழந்தைக்கு?"

"கொப்புளம் போட்டிருக்கு. ஆறிடும்னு டாக்டர் சொன்னார். அதோட அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலை. 'பரவாயில்லை சாமி'ன்னு சொல்லிட்டுக் குழந்தையைத் தூக்கிண்டு போயிட்டா. திட்டியிருந்தாத் தேவலை."

நாளைக்கும் குருக்கள் அதே தட்டைத்தான் ஏந்த வேண்டும். குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு கையை நீட்டத்தான் செய்யும்.

"ராத்திரி என்ன பண்றீங்க?"

"வெந்நீர்ல குளிச்சுப் பார்த்தாச்சு. கசகசாப் பால் குடிச்சுப் பார்த்தாச்சு."

"அதுக்கப்புறம்?"

குருக்கள் இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டுக்கொண்டார்.

"படுத்துண்டு கொஞ்ச நாழி இதைப் பார்ப்பேன். ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு தானா வரது. யாரோ பரோட்டா வீசறான். யாரோ யாரையோ திட்டறான். எனக்கு என்ன வேண்டியிருக்கு, சொல்லுங்கோ? ஆனாலும் விரல் நிக்கமாட்டேங்கறது. வெச்சுட்டுக் கண்ணை மூடினா, உள்ளேயும் வெளிச்சமாவே இருக்கு."

பரோட்டாவை நாக்கில் வைத்தறியாத ஆசாரக்காரர். ஆனால் அதை எப்படி வீசுவது என்று கேட்டால் இந்நேரம் வகுப்பே எடுப்பார்.

துறவி சிரிக்கவில்லை.

"கோயில்ல ராத்திரி கடைசி வேலை என்ன?"

"பள்ளியறை பூஜை." குருக்களின் முகம் சற்றுத் தெளிந்தது. "சுவாமி பாதத்தைப் பல்லக்குல கொண்டுவந்து, அம்பாள் பக்கத்துல ஊஞ்சல்ல எழுந்தருளப் பண்ணுவேன். பால் நைவேத்தியம். ஓதுவார் தாலாட்டுப் பாடுவார். விளக்கைத் தணிச்சுட்டு, கதவைச் சாத்திடுவேன்."

"அதுக்கப்புறம் யாராவது தரிசனம்னு வந்தா?"

"காலம்பறதான்."

"மந்திரி வந்தா?"

"யாரா இருந்தா என்ன? போன மாசம் ஒரு பெரிய மனுஷர் கார்ல வந்து இறங்கினார். ஒரு நிமிஷம் திறந்து காட்டுங்கோன்னு கெஞ்சினார். முடியாதுன்னுட்டேன். அந்தக் கதவுக்கு வெளியில மணியைக்கூட ஆட்ட விடமாட்டேன்."

சொல்லும்போது குருக்களின் முதுகு நிமிர்ந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

துறவி அவர் இடுப்பிலிருந்த போனைப் பார்த்தார்.

"மந்திரம் வேண்டாம் குருக்களே. இன்னிக்கு ராத்திரி கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி, இந்தப் போனை உள்ளே வெச்சுடுங்க."

"எங்கே?"

"ஊஞ்சல்ல. சாமி பக்கத்துல."

குருக்கள் பதறி எழுந்துவிட்டார். குருவின் வாக்கைத் தட்டியதில்லை அவர். ஆனால் இது அடுக்குமா?

"அபசாரம் சுவாமி. இது விடிய விடிய மினுக்கிண்டு கிடக்கும். யாராவது எதையாவது அனுப்பிண்டே இருப்பா. முனகிண்டே இருக்கும். இதைப் பக்கத்துல வெச்சுண்டு சுவாமி எப்படித் தூங்குவார்?"

துறவி கண்களை மூடிக்கொண்டார்.

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது குருக்களின் காதில் விழுந்தது.